முதல் மூச்சின் காவலர்

உயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, நீர், காற்று என்னும் மூன்றுமாம். உணவின்றிப் பல நாள் வாழ்தல் கூடும். நீரின்றிச் சில நாள் வாழ்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிடம் வாழ்தலும் அரிது. ஆதலின், உயிர் என்பதும் மூச்சு என்பதும் ஒன்றே என்று கருதும் வழக்கு நம்மிடையே உண்டு. ஒருவர் இறந்தாரா, இருக்கின்றாரா என ஐயுற்றவிடத்து, மூச்சு இருக்கின்றதா என்றே முதலில் வினவுகிறோம்.

தாயின் வயிற்றில் வளரும் கரு மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தாயின் குருதியே தொப்புட்கொடியின் வழியாக அளிக்கின்றது. அந்நிலையில் குழவியின் நுரையீரல்கள் நீர் நிறைந்து கிடக்கும். பிறந்த அக்கணமே அந்நிலை மாறவேண்டும். நீர் வற்றி நுரையீரல்கள் விரிதல் வேண்டும். காற்றுப் புகுதல் வேண்டும். குருதியோட்டம் புதுவழியில் திரும்புதல் வேண்டும். இத்துணைப் பெரிய மாற்றம் சில நொடிகளில் நிகழ்ந்தாகவேண்டும். பெரும்பாலான குழவிகள் ஓங்கி அழுது இவ்வாயிலை எளிதில் கடந்து விடுகின்றன. ஒரு சில கடக்க மாட்டாமல் தடுமாறுகின்றன. அவ்வாறு தடுமாறும் குழவியை ஒரு நிமிடத்திற்குள் கண்டறிந்து காக்கும் நெறியை உலகிற்கு வகுத்துத் தந்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவரே வர்ஜினியா ஆப்கர் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில் 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள் ஆப்கர் அம்மையார் பிறந்தார். தந்தையார் சார்லஸ் ஆப்கர், தாயார் ஹெலன். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் மூவருள் இவரே இளையவர்.

தந்தையார் வணிகத் துறையில் அலுவல் பார்த்தவர். எனினும், அவருடைய உள்ளம் அறிவியலிலேயே தோய்ந்திருந்தது. வானத்து மீன்களை நோக்குவதும், கம்பியில்லாத் தந்திக் கருவிகளை அமைப்பதும் அவருக்கு விருப்பமான பொழுதுபோக்குகள். முதல் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில், 1915ஆம் ஆண்டில், ஜெர்மானியருக்குரிய கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்றிலிருந்து சென்ற குறிகளை அவர் தம் வீட்டிலிருந்தே பதிவு செய்து அரசாங்கத்துக்கு உதவினார். இத்தகைய தந்தையாரின் நிழலில் வளர்ந்த மகளுக்கு, எதனையும் ஆராய்ந்து பார்க்கும் இயல்பு இளமையிலேயே அமைந்ததில் வியப்பில்லை. வீட்டில் இசையும் முழங்கியது. சிறுமி வர்ஜினியா வயலின் வாசிக்கக் கற்றுத் தேர்ந்தார்.

அவ்வில்லத்தில் துன்பமும் குடிகொண்டிருந்தது. தமையன்மார் இருவருள் ஒருவர் காசநோயால் இளமையிலேயே மாண்டார். மற்றொருவரும் நெடுநாள் நோயால் வருந்தினார். நோயின் கொடுமையை நூலிற் படிக்கும் முன்னரே வர்ஜினியா வீட்டிற் கண்டார். மருத்துவர் ஆகவேண்டும் என்னும் உறுதி பள்ளிப் பருவத்திலேயே அவர் நெஞ்சில் வேரூன்றியது.

கல்வியும் வறுமையும்

உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் 1925ஆம் ஆண்டு படிப்பை முடித்த வர்ஜினியா, மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மௌண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியிற் சேர்ந்து விலங்கியல் பயின்றார். படிப்புச் செலவுக்குப் போதிய பொருள் இல்லை. ஆகவே, கல்லூரியிலேயே பற்பல சிறு வேலைகளைச் செய்து பொருள் ஈட்டினார். ஆய்வுக்கூடத்திற்குத் தேவையான பூனைகளைப் பிடித்துத் தருவதும் அவ்வேலைகளுள் ஒன்று. எந்த வேலையையும் இழிவென்று அவர் எண்ணவில்லை. உழைப்புக்கிடையே விளையாட்டிலும், இசைக் குழுவிலும், கல்லூரிச் செய்தித்தாளிலும் முன்னின்றார்.

1929ஆம் ஆண்டு பட்டம் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்தார். அடுத்த திங்களே நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. நாடெங்கும் பொருளாதாரப் பெருமந்தம் பரவியது. செல்வர் வறியராயினர், தொழிலாளர் வேலையிழந்தனர். அந்த இருண்ட காலத்திலும் வர்ஜினியா கடன் வாங்கிப் படித்தார். 1933ஆம் ஆண்டில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றபோது வகுப்பில் நான்காம் இடத்தில் நின்றார். அதே வேளையில் ஏறத்தாழ 4,000 டாலர் கடனும் அவர் தலைமீது நின்றது. அக்காலத்தில் அது பெருந்தொகையாம்.

தடையும் திருப்பமும்

ஆப்கர் அம்மையார் அறுவை மருத்துவராக விரும்பினார். பிரெஸ்பிட்டீரியன் மருத்துவமனையில் அத்துறையில் பயிற்சியும் பெற்றார். அவருடைய கைத்திறனை அனைவரும் மெச்சினர். ஆயினும், அறுவைத் துறைத் தலைவரான ஆலன் விப்பிள் என்னும் பேராசிரியர் அவரை அழைத்து, வேறு துறையை நாடுமாறு அறிவுரை கூறினார். அதற்குக் காரணங்கள் இரண்டு. பெண் அறுவை மருத்துவரிடம் நோயாளிகள் செல்லத் தயங்கிய காலம் அது. அவரிடம் முன்னர்ப் பயின்ற பெண்கள் சிலர் தொழில் நடத்த இயலாது இடருற்றனர். இஃது ஒரு காரணம். மற்றொன்று, மயக்க மருத்துவம் வளர்ந்தாலன்றி அறுவை மருத்துவம் வளர இயலாது என்பது. நோயாளியை நன்கு உறங்கச் செய்து, மூச்சைக் காத்து, மீண்டும் எழுப்பும் கலை அந்நாளில் தனித்துறையாக மலரவில்லை. பெரும்பாலும் செவிலியரே மயக்க மருந்தை அளித்து வந்தனர்.

விரும்பிய கதவு அடைபட்டது. அதனால் அம்மையார் மனம் நொந்திருத்தல் கூடும். ஆயினும், அடைபட்ட கதவின் முன் நின்று அழுதுகொண்டிருப்பது அவர் இயல்பன்று. திறந்திருந்த கதவின் வழியே உள்ளே புகுந்தார். முதலில் செவிலியரோடு செவிலியராக அமர்ந்து மயக்க மருந்தளிக்கும் முறையைக் கற்றார். பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வாட்டர்ஸ் என்னும் பேராசிரியரிடம் ஆறு திங்கள் பயின்றார். அமெரிக்காவில் மயக்க மருத்துவத்தைப் பல்கலைக்கழகத் துறையாக நிலைநாட்டிய பெருமகனார் இவரே. அங்குப் பெண் மருத்துவர் தங்குவதற்குத் தக்க இடம் கிடைப்பதுகூட அரிதாக இருந்தது. அவ்விடர்களைப் பொருட்படுத்தாது கற்று, நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் ரோவன்ஸ்டீன் என்பவரிடமும் ஆறு திங்கள் பயின்று முடித்தார்.

1938ஆம் ஆண்டில் கொலம்பியாவுக்குத் திரும்பிய அம்மையார், மயக்க மருத்துவப் பிரிவின் தலைவரானார். அந்நிறுவனத்தில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிய முதற்பெண்மணி அவரே. பதவி பெரிது, வசதியோ சிறிது. உடன் பணியாற்ற மருத்துவர் கிடைக்கவில்லை. ஊதியம் குறைவு, வேலையோ மிகுதி. அறுவை மருத்துவர் சிலர் மயக்க மருத்துவரைத் தமக்கு இணையாக ஏற்கவும் மறுத்தனர். பதினோராண்டுகள் அம்மையார் அப்பிரிவைப் பேணி வளர்த்தார். 1949ஆம் ஆண்டில் அது தனித்துறையாக உயர்ந்தபோது அதன் தலைமை அவருக்கு அளிக்கப்படவில்லை; இமானுவேல் பாப்பர் என்னும் ஆடவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டே அம்மையார் பேராசிரியராக உயர்த்தப்பட்டார். அம்மருத்துவக் கல்லூரியில் முழுநிலைப் பேராசிரியர் பதவி பெற்ற முதற்பெண்மணியும் அவரே ஆனார்.

தாம் நட்டு வளர்த்த மரத்தின் தலைமை பிறர் கைக்குச் சென்றதை எண்ணி அவர் சோர்ந்து அமரவில்லை. அலுவலகச் சுமை நீங்கிய ஓய்வை ஒரு வாய்ப்பாக்கிக் கொண்டு மகப்பேற்று அறையின் பக்கம் திரும்பினார். உலகம் அவரைப் போற்றும் பணி அங்கேதான் தொடங்கியது.

மகப்பேற்று அறையில்

அந்நாளில் அமெரிக்காவில் குழவிகளின் இறப்பு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஆனால், பிறந்த முதல் நாளில் நேரும் இறப்பு மட்டும் குறையவில்லை. அதற்குரிய காரணத்தை அம்மையார் ஊன்றி நோக்கினார். குழந்தை பிறந்தவுடன் அனைவருடைய கண்களும் கைகளும் தாயிடமே சென்றன. குழவியைத் துணியிற் சுற்றி ஒருபுறம் கிடத்தினர். நிறம் நீலமாய், மூச்சுத் திணறிக் கிடக்கும் குழவியைப் பிழைக்காது எனக் கைவிட்டதும் உண்டு. இறந்து பிறந்ததாகக் குறித்ததும் உண்டு. எந்தக் குழவிக்கு உதவி வேண்டும், எதற்கு வேண்டா என்று அளந்தறிய ஒரு பொது நெறி இல்லை. ஒரு மருத்துவர் நன்று என்றதை மற்றொருவர் தீது என்றார்.

1949ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில் அம்மையார் உணவருந்திக் கொண்டிருந்தார். அப்போது மாணவர் ஒருவர், பிறந்த குழவியின் நலத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்று வினவினார். எளிதே என்று மறுமொழி கூறிய அம்மையார், அருகிற் கிடந்த அட்டை ஒன்றை எடுத்து ஐந்து குறிப்புகளை எழுதினார். உடனே எழுந்து, அவற்றைச் சோதித்துப் பார்க்க மகப்பேற்று அறைக்கு விரைந்தார். ஒரு மாணவரின் வினா ஓர் அரிய நெறிக்கு வித்தாயிற்று. ஆசிரியரை வினவும் மாணவர் தமக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் உதவுகின்றார் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஐந்து குறிகள்

அம்மையார் குறித்த ஐந்தும் கருவிகளின்றிக் கண்ணாலும் காதாலும் கையாலும் அறியத்தக்கவை. இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டலுக்கு எழும் மறுவினை, உடலின் நிறம் என்பனவே அவை. ஒவ்வொன்றுக்கும் சுழி, ஒன்று, இரண்டு என மதிப்பெண் அளிக்கவேண்டும்.

இதயத் துடிப்பு இல்லையேல் சுழி. நிமிடத்திற்கு 100-க்குக் குறைவாயின் ஒன்று. அதற்கு மேலாயின் இரண்டு. மூச்சே இல்லையேல் சுழி. மெலிந்தும் ஒழுங்கின்றியும் இருப்பின் ஒன்று. குழவி ஓங்கி அழுமாயின் இரண்டு. கைகால் துவண்டு கிடந்தால் சுழி. சற்றே மடங்கியிருந்தால் ஒன்று. நன்கு அசைந்தால் இரண்டு. மூக்கில் மெல்லிய குழாயை நுழைத்தபோது மறுவினை இல்லையேல் சுழி. முகம் சுளித்தால் ஒன்று. இருமினாலோ தும்மினாலோ இரண்டு. உடல் முழுதும் வெளிறியோ நீலமாகவோ இருந்தால் சுழி. உடல் சிவந்து கைகால் மட்டும் நீலமாயிருந்தால் ஒன்று. முழுதும் சிவந்திருந்தால் இரண்டு. பிறக்கும்போது எல்லாக் குழவிகளும் சற்றே நீலமாகவே இருத்தலின், நிறம் என்பது ஐந்தனுள் உறுதி குறைந்த குறி என்பதனையும் அம்மையார் மறைக்காது கூறினார்.

ஐந்தனையும் கூட்டினால் வரும் பேரெண் பத்து. குழவி பிறந்து ஒரு நிமிடம் ஆனபோது இவ்வெண்ணைக் கணிக்கவேண்டும் என அம்மையார் வகுத்தார். ஐந்தாம் நிமிடத்தில் மீண்டும் கணிக்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. ஏழும் அதற்கு மேலும் பெற்ற குழவி நலமுடையது. மூன்றும் அதற்குக் கீழும் பெற்றது பேரிடரில் இருப்பது. மகப்பேறு பார்த்தவர் தம் பணியின் சிறப்பைத் தாமே மிகுத்து மதிப்பிடல் கூடுமாதலின், அவரல்லாத வேறொருவரே எண் இடுதல் வேண்டும் என்பது அம்மையார் கருத்து.

இம்முறையை 1952ஆம் ஆண்டு மருத்துவர் மாநாடு ஒன்றில் எடுத்துரைத்தார். 1953ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். நாளடைவில் அது நாடெங்கும், பின்னர் உலகெங்கும் பரவியது. 17,221 குழவிகளை ஆராய்ந்த பெரியதோர் ஆய்வு, குறைந்த எண் பெற்ற குழவிகளிடையே இறப்பு மிகுதி என்பதனை 1960-களில் உறுதி செய்தது. அம்மையாரின் குடிப்பெயரில் அமைந்த ஐந்து ஆங்கில எழுத்துகளும் தோற்றம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு என்பவற்றின் ஆங்கிலச் சொற்களுக்கு முதலெழுத்துகளாக அமைவதைப் பிற்காலத்தில் ஒரு மருத்துவர் கண்டு, மாணவர்க்கு நினைவுக் குறிப்பாக்கினார்.

ஒன்று ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மூச்சின்றிப் பிறந்த குழவிக்கு உதவி செய்ய ஒரு நிமிடம் காத்திருத்தல் தகாது. பிறந்த உடனே உதவி தொடங்கவேண்டும். ஒரு குழந்தையின் பிற்கால அறிவையோ ஆற்றலையோ இவ்வெண் கொண்டு முடிவு செய்தலும் பொருந்தாது. அந்தக் கணத்தில் குழவியின் நிலை யாது, செய்த உதவி பயன் தந்ததா என்பதனை எல்லாரும் ஒரே மொழியிற் பேச உதவும் அளவுகோலே இஃது. இந்த அளவில் இதன் பயன் மிகப் பெரிது. எண் இடவேண்டும் என்னும் கடமை வந்தவுடன், ஒருபுறம் கிடந்த குழவியின்மேல் எல்லார் கண்ணும் திரும்பியது.

உண்மையின் முன் விருப்பு வெறுப்பின்மை

எண்ணிடுவதோடு அம்மையார் அமைந்துவிடவில்லை. டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, குழவிகளின் குருதியிலுள்ள பிராணவாயுவையும் அமிலத்தன்மையையும் அளந்தார். குறைந்த எண் பெற்ற குழவிகளின் குருதியில் பிராணவாயு குன்றி, அமிலம் மிக்கிருந்தது. பிறக்கும் குழவிக்கு மூச்சுத் திணறல் இயல்பே எனப் பலர் கருதிவந்த எண்ணம் தவறென்று புலனாயிற்று.

மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. மகப்பேற்றின்போது தாய்மார்க்குச் சைக்ளோபுரோப்பேன் என்னும் வாயுவை மயக்க மருந்தாக அளித்து வந்தனர். அம்மையாரின் ஆசிரியர் வாட்டர்ஸ் மருத்துவ வழக்கிற்குக் கொணர்ந்த வாயு அது. அம்மையாரும் பெரிதும் விரும்பிக் கையாண்டது. முதுகுத்தண்டில் மருந்து செலுத்தப்பெற்ற தாய்மாரின் குழவிகளைவிட, இவ்வாயுவைப் பெற்ற தாய்மாரின் குழவிகள் சோர்ந்து பிறந்தன என்பதை ஆராய்ச்சி காட்டியது. அதை அறிந்தபின் அம்மையார் மகப்பேற்றில் அவ்வாயுவைக் கைவிட்டார். தாம் விரும்பியது என்பதற்காகவோ, தம் ஆசிரியர் கண்டது என்பதற்காகவோ உண்மையை மறுக்காத நேர்மை அவரிடம் இருந்தது. அறிஞர்க்கு அழகு இதுவே.

மூச்சு வழியிற் குறைபாடு

சில குழவிகள் வலிமையோடு பிறந்தும் மூச்சு விட இயலாமல் இடருறுகின்றன. அவற்றின் மூச்சு வழியிலேயே பிறவிக் குறை அமைந்திருப்பதே காரணம். சில குழவிகளுக்கு மூக்கின் பின்புறத் துளைகள் அடைபட்டிருக்கும். பிறந்த குழவி பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சு விடுதலின், இரு துளைகளும் அடைபட்டால் அதன் நிலை இரங்கத்தக்கதாகும். அழும்போது வாய் திறந்து சிவக்கும். அழுகை ஓய்ந்து வாய் மூடினால் நீலமாகும். இன்னும் சில குழவிகளுக்கு உணவுக்குழல் நடுவில் அறுபட்டு, மேற்பகுதி பை போல மூடிக்கிடக்கும். கீழ்ப்பகுதி மூச்சுக்குழலோடு துளைவழியே இணைந்திருக்கும். ஏறத்தாழ 2,500 முதல் 4,500 குழவிகளுள் ஒன்றுக்கு உணவுக்குழலில் இத்தகைய குறை நேர்கிறது. மூக்கின் வழியே செலுத்தும் மெல்லிய குழாய் உட்செல்லாமல் தடைப்பட்டால் முதற்குறையை ஐயுறலாம். வாய்வழி செலுத்திய குழாய் இரைப்பையை எட்டாது நின்றால் இரண்டாவதை ஐயுறலாம். மறுவினையைக் காண உதவும் எளிய குழாயே இக்குறைகளைக் காட்டவும் உதவுகின்றது.

உணவுக்குழற் குறையோடு பிறந்த குழவி, முன்னாளில் பிழைத்தல் இல்லை. 1939ஆம் ஆண்டில், பல படிகளாகச் செய்த அறுவையால் அமெரிக்காவில் முதன்முதலாகச் சிலர் பிழைத்தனர். 1941ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் கேமரன் ஹைட் என்னும் மருத்துவர், அறுபட்ட இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து ஒரு பெண் குழவியைக் காத்தார்.

இவ்வறுவையில் கத்தி பிடிப்பவரின் பொறுப்பினும் மூச்சைக் காப்பவரின் பொறுப்பு சிறிதன்று. குழவியின் மூச்சுக்குழல் நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் நீளமே உடையது. அதன் உள்வாய் நான்கு மில்லிமீட்டர் அளவுடையதாயின், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் கண்ட மாத்திரத்தில் காற்றுச் செல்லும் பரப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எடைக்கு எடை ஒப்பிட்டால், குழவி பெரியவர்களைப் போல் இருமடங்கு பிராணவாயுவைச் செலவிடுகின்றது. ஆதலின், மூச்சு ஒரு நிமிடம் தடைப்பட்டாலும் அதன் உடல் நீலம் பாய்கிறது.

மயக்க மருத்துவர் இக்குறுகிய வழியில் மெல்லிய குழாயைச் செலுத்துகிறார். அதன் முனை, உணவுக்குழலோடு இணையும் துளைக்குக் கீழேயும், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திற்கு மேலேயும் நிற்றல் வேண்டும். அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு பெரும்பாலும் மிகச் சிறிது. குழாய் சற்றே மேலே நின்றால், செலுத்தும் காற்றுத் துளைவழியே இரைப்பையிற் புகும். இரைப்பை ஊதிப் பெருத்து உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரல் விரிய இடமின்றிச் சுருங்கும். குழாய் சற்றே கீழே இறங்கினால் ஒரு நுரையீரலுக்கு மட்டுமே காற்றுக் கிடைக்கும். ஆகவே, துளையைக் கட்டி அடைக்கும் வரையில் காற்றை மென்மையாகவே செலுத்துவர். சிலர் குழவியைத் தானே மூச்சுவிடச் செய்து துணைநிற்பர். மூடிய பையில் தேங்கும் எச்சில் நுரையீரலுக்குள் இறங்காதவாறு அதனை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பர்.

அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்து நுரையீரலை ஒதுக்கும்போது, மெல்லிய மூச்சுக்குழல் மடங்கிவிடலாம். சளியோ குருதியோ குழாயை அடைத்துவிடலாம். அப்போதெல்லாம் அறுவையைச் சற்றே நிறுத்துமாறு சொல்லும் உரிமை மூச்சைக் காப்பவருக்கு உண்டு. அவர் காது ஸ்டெதாஸ்கோப்பிலும், கை காற்றுப் பையிலும், கண் குழவியின் மீதும் இருத்தல் வேண்டும். குழவியின் உடற்சூடு குறையாமற் காத்தலும் அவர் கடமையே. இக்காலத்தில் குருதியின் பிராணவாயுவை நொடிதோறும் காட்டும் கருவிகளும், மூச்சுக்குழலுள் நோக்கித் துளையைக் காட்டும் நுண்கருவிகளும் வந்துள்ளன. வேறு கடுங்குறைகள் இல்லாத குழவிகளுள் மிகப் பெரும்பாலானவை இப்போது பிழைக்கின்றன. மயக்க மருந்து அளிப்பது எளிய பணி என எண்ணப்பட்ட காலத்தில், அதனை முழுமையானதோர் அறிவுத் துறையாக வளர்த்த முன்னோருள் ஆப்கர் அம்மையாரும் ஒருவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பிறவிக் குறை தீர்க்கும் பணி

ஐம்பது வயதை நெருங்கிய பருவத்தில் அம்மையார் மீண்டும் மாணவியானார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1959ஆம் ஆண்டு பொதுநலச் சுகாதாரத்தில் மேற்பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மார்ச் ஆஃப் டைம்ஸ் என வழங்கும் அறநிலையத்தின் பிறவிக் குறைப் பிரிவுக்குத் தலைவரானார். அந்நிலையம் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1938ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1955ஆம் ஆண்டில் அந்நோய்க்குத் தடுப்பு மருந்து வந்துவிட்டமையால், பிறவிக் குறைகளின்பால் அதன் கருத்துத் திரும்பியிருந்தது.

பிறவிக் குறையுடைய குழந்தைகளைப் பிறர் அறியாமல் மறைத்து வைப்பதும், அது பெற்றோர் செய்த பாவத்தின் பயன் எனப் பேசுவதும் பல நாடுகளில் வழக்கமாய் இருந்தன. அம்மையார் ஊர்தோறும் சென்று, எளிய மொழியில், அஞ்சாமல் அக்குறைகளைப் பற்றிப் பேசினார். கருவுற்ற காலத்தில் தாய்க்கு வரும் ஜெர்மானியத் தட்டம்மை குழவியைத் தாக்கும் என்பதையும், அதனைத் தடுத்தற்குரிய வழிகளையும் எடுத்துரைத்தார். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அந்நோய் அமெரிக்காவிற் பெரிதாகப் பரவியபோது அவர் பேச்சின் அருமையை மக்கள் உணர்ந்தனர். பெற்றோர்க்கு உதவும் வகையில் ஜோன் பெக் என்பாருடன் சேர்ந்து எழுதிய நூல் 1972ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பண்பு நலன்கள்

அம்மையார் விரைந்து பேசுபவர், விரைந்து நடப்பவர், கார் ஓட்டுவதிலும் விரைவு மிக்கவர். தம் கைப்பையில் சிறு கத்தியொன்றும், மூச்சுக் குழாயொன்றும், குரல்வளையை நோக்க உதவும் விளக்குக் கருவியொன்றும் எப்போதும் வைத்திருப்பார். வழியில் எவரேனும் மூச்சடைத்து விழுந்தால் உதவுவதற்காகவே அவற்றைச் சுமந்து திரிந்தார். தொழில் என்பது மருத்துவமனை வாயிலோடு முடிந்துவிடுவது என அவர் கருதவில்லை.

இசையை அவர் வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை. 1956ஆம் ஆண்டில் அவரிடம் நோயாளியாக வந்த கார்லீன் ஹட்சின்ஸ் என்னும் அம்மையார் இசைக்கருவி செய்வதில் வல்லவர். மருத்துவர் நோயாளியிடம் மாணவியானார். இரவு நெடுநேரம் விழித்திருந்து மரத்தை இழைத்து வயலின், வியோலா, செல்லோ முதலிய கருவிகளைத் தம் கையாலேயே செய்தார். ஐம்பது வயதுக்குமேல் விமானம் ஓட்டவும் பயின்றார். கற்பதற்கு வயது வரம்பில்லை என்பதற்கு அவரே சான்று.

மறைவும் புகழும்

1973ஆம் ஆண்டில், தாம் பயின்ற மருத்துவக் கல்லூரியின் முன்னாள் மாணவர் வழங்கும் பொற்பதக்கத்தை அம்மையார் பெற்றார். அப்பதக்கம் பெற்ற முதற்பெண்மணியும் அவரே. 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆம் நாள், தம் அறுபத்தைந்தாம் வயதில், நெடுங்காலம் தாம் பணிபுரிந்த நியூயார்க் மருத்துவமனையிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வயிற்றிற் பிறந்த மகவு அவருக்கு இல்லை. அமெரிக்க அரசாங்கம் 1994ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த 20 சென்டு அஞ்சல்தலையை வெளியிட்டது. அவ்விழாவில் அவர் தம் கையாற் செய்த இசைக்கருவிகளை மருத்துவர்களே மீட்டி இசைத்தனர்.

ஆப்கர் அம்மையார் விரும்பிய துறை அவருக்குக் கிடைக்கவில்லை. உழைத்து வளர்த்த துறையின் தலைமையும் கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றை எண்ணி வருந்துவதில் அவர் வாழ்நாளைக் கழித்திருப்பின், ஒருபுறம் கிடந்த நீலக் குழவியை நோக்க ஆள் இருந்திராது. கிடைத்த இடத்தில் நின்று, கண்முன் கிடந்த குறையைக் கண்டு, அதனை எளிய வழியால் நீக்கினார். பேரறிவு வேண்டும் பணிதான் பெரும்பணி என்பதில்லை. யாவரும் காணாது விட்டதை ஒருவர் நின்று காண்பதே பெரும்பணி ஆதலும் உண்டு. இன்றும் மருத்துவமனைகளில் ஒரு குழவி பிறந்ததும், அருகிலுள்ளோர் கடிகாரத்தைப் பார்த்து ஒன்றாம் நிமிடத்தையும் ஐந்தாம் நிமிடத்தையும் குறிக்கின்றனர். அவர்கள் இடும் எண்ணுக்கு அம்மையாரின் பெயரையே சொல்லி வழங்குகின்றனர். மண்ணில் வந்த மகவின் முதல் மூச்சோடு ஒருவர் பெயர் சேர்ந்து ஒலிப்பதினும் சிறந்த புகழ் வேறு யாதுளது?